இரண்டே முக்கால் டன்

சிப்பிமுனையில் 'தெரியாது' என்று யாரும் சொல்வதில்லை. அது கெட்ட வார்த்தை இல்லை, சொல்லக்கூடாது என்று சட்டமும் இல்லை, அந்த ஊர்க்காரர்கள் வாயில் அது வராது, அவ்வளவுதான். வெளியூர்க்காரன் ஒருவன் பஸ்ஸை விட்டு இறங்கிக் கலங்கரை விளக்கத்துக்கு வழி கேட்டால், பரோட்டாக் கடைக்காரர் வடக்கே கை காட்டுவார், மீன் ஏலம் போடுகிறவர் தெற்கே காட்டுவார், சைக்கிளில் போகிறவர் மெனக்கெட்டு இறங்கி நின்று, "நேரே போயி இடது பக்கம் திரும்புங்க, ஒரு பெரிய ஆலமரம் வரும்" என்பார். ஆலமரமும் வராது, இடது பக்கமும் வராது, நேரே போனால் கடல்தான் வரும். இப்படித்தான் ஒரு வருஷம் நாகர்கோவிலிலிருந்து வேன் பிடித்து வந்த கல்யாணக் கூட்டம் ஒன்று, நாற்பது பேர், பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக ஒரு துக்க வீட்டு முப்பதாம் நாள் ஜெபத்தில் போய் உட்கார்ந்து, மூன்று தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பாயசம் வைக்கவில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனது. வழி சொன்ன மிக்கேல் இன்றைக்கும் தலை நிமிர்ந்துதான் நடக்கிறார்.

பிளாவியா அந்த ஊரில் பிறந்தவள். போதாததற்குக் கான்வென்டில் வேறு படித்தவள். அங்கே சிஸ்டர் சவேரியா கேள்வி கேட்டு, தெரியாது என்று பதில் வந்தால் பெஞ்சு மேல் ஏறி நிற்கவேண்டும். தப்பாகச் சொன்னால் ஒரு குட்டோடு போய்விடும், உட்கார்ந்தே இருக்கலாம். ஆக, வாயை மூடிக்கொண்டிருப்பதைவிடத் தப்பாகச் சொல்வதே மேல் என்பதைப் பன்னிரண்டு வருஷம் கற்றுத் தேர்ந்து, சாய்ந்த கையெழுத்தும் சிவப்பு மார்ஜினும் எதற்கும் ஒரு பதிலுமாக வெளியே வந்த பிளாவியா, உப்பு லாரி ஓட்டும் வில்பர்ட்டைக் கட்டி, ஜோவிதா என்று ஒரு பெண்ணைப் பெற்று, அந்தப் பெண் பேசப் படித்த நாளிலிருந்து, நிலா ஏன் நம்ம கூடவே வருது, மீனுக்கு ஏன் வேர்க்கல, ஆதாமுக்குத் தொப்புள் இருந்துச்சா என்று கேட்ட எல்லாவற்றுக்கும் மூச்சு விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜோவிதாவுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாலேகாலுக்கு வலி வந்தது. பள்ளிக்கூடம் விட்டு அப்பாவின் காலி லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்த பிள்ளை, "அப்பா, கால் சதை வலிக்குது" என்றது. சொல்லி முடிக்கவில்லை, லாரி இடது பக்கம் சாய்ந்தது. வில்பர்ட் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்தான். காற்று கல் மாதிரி இருந்தது. வழியில்தான் உப்பு லாரிகளை நிறுத்தும் எடைமேடை. ஏற்றினான். எடைமேடைக்காரர் பெத்துரு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"காலி வண்டின்னியே வில்பர்ட்டு. ரெண்டே முக்கால் டன் கூடக் காட்டுதே. உப்ப எங்கல ஒளிச்சு வச்சிருக்க?"

"நான் எங்க ஒளிக்க? பிள்ள மட்டும்தான் இருக்கு, மாமா."

பெத்துரு இறங்கி வந்து பார்த்தார். பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

"அப்பம் பிள்ளதான்," என்றார் பெத்துரு. எடைமேடைக்காரர் எந்திரத்தைச் சந்தேகப்படமாட்டார். "சரி, சீட்டுல சரக்குன்னு என்னத்தப் போட?"

"வலின்னு போடும்."

போட்டார். சரக்கு, வலி. எடை, இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது. ஆறரை மணிக்கு வலி விட்டதும் ஜோவிதா பதினேழு கிலோப் பிள்ளையாக லாரியிலிருந்து குதித்து, முறுக்கு கேட்டது.

அன்றிலிருந்து நாள் தவறினாலும் வலி தவறவில்லை. காலில் வரும், தொடைக்கு ஏறும், சில நாள் தோள்பட்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். வந்த நிமிஷம் பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கேயே கனத்துவிடும். முதல் வாரம் கட்டில் போனது, இரண்டாம் வாரம் ஊஞ்சல் போனது, மூன்றாம் வாரம் கூடத்துத் தரையில் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல் விழுந்தது. அதற்கெல்லாம் பிளாவியா அழவில்லை. வலிக்குது என்று பிள்ளை இரண்டு கையையும் நீட்டும், இவள் குனிந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்ப்பாள், பிள்ளை அசையாது. சமாதிக் கல்லைத் தூக்கப் பார்ப்பது போல இருக்கும். பெற்ற பிள்ளை வலியில் கை நீட்டும்போது தூக்கி மடியில் போட முடியவில்லை என்றால் அப்புறம் என்ன அம்மா என்று நினைக்கும்போதுதான், முகத்தை முந்தானையில் பொத்திக்கொள்வாள். பிறகு பிள்ளைக்குப் பக்கத்தில் விரிசல் மேலேயே படுத்துக்கொள்வாள்.

"அம்மா, இது என்ன வலி?"

"வளருற வலி மக்களே. நீ உயரமாகப் போற."

அடுத்த வாரம், "அம்மா, இது என்ன வலி?"

"சுண்ணாம்புச் சத்து கம்மியாம். பால் குடி."

அதற்கடுத்த வாரம் அது வாயு, அதற்கடுத்த வாரம் நரம்பு. பதில் மாற மாற, பெத்துருவின் எடைமேடைச் சீட்டில் வலி ஏறிக்கொண்டே போனது. மூன்று டன் ஆயிற்று, மூன்றரை ஆயிற்று. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பெரிய டாக்டர்களிடம் போனார்கள். ஒருத்தர் ரத்தம் எடுத்தார், நார்மல். ஒருத்தர் படம் எடுத்தார், நார்மல். ஒருத்தர் தசையில் ஊசி குத்தி மின்சாரம் விட்டுப் பார்த்தார், பிள்ளை ஆஸ்பத்திரி அதிர அலறியது, அதுவும் நார்மல். ஒருத்தர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லை என்றார். அன்றைக்கு முழுப் பரீட்சை லீவு. இன்னொருத்தர் பிள்ளையைப் பார்க்கவே இல்லை, பிளாவியாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்குத்தான் டென்ஷன்" என்று அம்மாவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். எல்லாக் காகிதத்தையும் பிளாவியா பழுப்பு அட்டை போட்ட ஒரு ஃபைலில் தேதிவாரியாகக் கோத்து, அட்டையின் உள்பக்கத்தில் சாய்ந்த கையெழுத்தில் பொருளடக்கம் எழுதினாள். நூற்றுப் பதினாறு பக்கம். நூற்றுப் பதினைந்தில் 'நார்மல்'. மிச்சம் ஒன்று பெத்துருவின் முதல் சீட்டு.

உள்ளூர் டாக்டர் ஜெயபாண்டியன் ஒரு படி மேல். நோயாளி நாற்காலியில் உட்காருவதற்குள் அவர் மருந்து எழுதி முடித்திருப்பார். நல்ல மனிதர், முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் அவர்தான், கைராசிக்காரர் என்று பெயர். வலி நேரத்திலேயே பார்க்கட்டும் என்று, ஜோவிதாவை மூன்றரை மணிக்கே அவர் கிளினிக் எடை பார்க்கும் எந்திரத்தில் ஏற்றி நிற்கவைத்தாள் பிளாவியா. நாலேகால் ஆனது. முள் துடித்தது. நூற்றிருபதைத் தாண்டிச் சுற்றி வந்தது, மறுபடி சுற்றியது, சீலிங் ஃபேன் மாதிரிச் சுற்றியது, எந்திரம் ஓர் அங்குலம் தரைக்குள் இறங்கியது, கடைசியில் முள் களைத்துப்போய்ப் பதினேழில் வந்து நின்றது.

"பதினேழு கிலோ," என்றார் டாக்டர். "வயசுக்கு ஏத்த வெயிட். நார்மல்."

"டாக்டர், முள்ளு சுத்தினதப் பாத்தீங்கல்லா?"

"எங்க வந்து நிக்குதுன்னுதாம்மா பாக்கணும். எப்படி வந்துச்சுன்னு பாத்தா நான் டாக்டர் இல்ல, பஸ் கண்டக்டர்."

ஊர் சும்மா இருக்குமா? ஊருக்கு அன்றே காரணம் தெரிந்திருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் தெரிந்திருந்தது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பிளாவியா திருக்கை மீன் தின்றது, வீட்டு வாசல் கிழக்கே பார்த்திருப்பது, ஞானஸ்நானத் தண்ணீர் குளிர்ந்து போயிருந்தது, கைப்பேசிக் கோபுரம். காரணம் சொல்லி முடித்த கையோடு ஊர் பிள்ளையைப் பழகிக்கொண்டது. பழகிக்கொள்வதில் சிப்பிமுனையை அடிக்க ஆள் கிடையாது. சுனாமி வந்துபோன மறுவாரம் அதன் பெயரில் டீக்கடை திறந்த ஊர். நாலு மணி ஆனால் தெருவில் மணல் மூட்டை போட்டு வைத்தார்கள், பிள்ளை விழுந்தால் தார் ரோடு கெடாமல் இருக்க. பள்ளிக்கூடத்தில் அவளை மாடி வகுப்பிலிருந்து கீழே மாற்றினார்கள். புதிதாகக் கல் பாவிய முற்றம் சமமாகவில்லை என்று மேஸ்திரி வந்து, "பாப்பாவ ஒரு அரைமணி நேரம் உக்கார வைக்கேளா?" என்று கேட்டார். வடக்குத் தெரு வாலிபர் மன்றத்தார் வடம் இழுக்கும் போட்டிக்குக் கடைசி ஆளாக அவளைக் கேட்டு வந்தார்கள், கையில் ஒரு சீப்பு பழத்தோடு.

"அவ கயித்தப் பிடிக்கவே வேண்டாம் அக்கா, சும்மா இடுப்புல கட்டிக்கிட்டா போதும். நாலேகாலுக்குத்தான் ஃபைனல் வச்சிருக்கோம்."

"அது வலிடா, பாவி மட்டைகளா!" என்று பிளாவியா விளக்குமாற்றை எடுத்தாள். "பிள்ள வலியில கிடக்கா. உங்களுக்கு நங்கூரம் கேக்குதா?"

"வலின்னு தெரியும்க்கா," என்றான் தலைவன், கேட்டைத் தாண்டிக் குதித்தபடி. "என்ன வலின்னும் தெரியும். கொழுப்புச் சத்து கம்மி."

வில்பர்ட்டின் அக்கா ரெக்சலின் மட்டும் காரணத்தோடு நிற்கவில்லை. சந்தியாகப்பர் கோவில் கொடியேற்றத்தன்று ஊரெல்லாம் கூடியிருக்க, அவள் கொடிமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, எட்டு ஊருக்குக் கேட்கும் குரலில், "எங்க பிள்ளைக்கு எடைக்கு எடை உப்புத் தாரேன் அப்பா, நோவை எடுத்துரு!" என்று நேர்ந்துவிட்டாள். எடைக்கு எடை உப்புக் கொடுப்பது அந்தக் கோவில் வழக்கம்தான். பழைய கப்பல் பாய்மரத்தை உத்தரமாகப் போட்டு, நங்கூரச் சங்கிலியில் இரண்டு தட்டு தொங்கும். ஒன்றில் பிள்ளை, ஒன்றில் உப்பு. வாய்விட்டு நேர்ந்ததைத் திரும்ப வாங்க முடியாது. சந்தியாகப்பர் குதிரை மேல் வாளோடு இருப்பவர், கடனுக்குச் சொல்லிச் சமாளிக்கிற சாமி இல்லை.

"மதினி, வலி வந்தா எடை என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?" என்றாள் பிளாவியா.

"அதுக்குத்தான் காலையிலேயே வைக்கணும்னு சொல்லியிருக்கேன். பதினேழு கிலோ. எனக்குத் தெரியாதா?"

பத்தாம் திருநாள் காலையில் பிஷப் வர லேட். பிறகு மைக் வேலை செய்யவில்லை, பிறகு பேண்டு செட் சாப்பிடப் போய்விட்டது. ஜோவிதா தட்டில் ஏறி உட்கார்ந்தபோது மணி நாலே கால்.

தட்டு தரையைத் தொட்டது. சங்கிலி கிறீச்சிட்டது. எதிர்த்தட்டில் ரெக்சலினின் பதினேழு கிலோ உப்புப் பை ஆகாயத்தில் ஆடியது. கூட்டத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை, இறக்கு என்றார்கள், இன்னும் போடு என்றார்கள். மூட்டை மூட்டையாக உப்பு வந்தது. வில்பர்ட் லாரியையே பின்னால் எடுத்து வந்து கொட்டினான். போதவில்லை. ஐஸ் பெட்டிகள் வந்தன, ஐஸோடு சீலா மீன்கள் வந்தன, பஞ்சாயத்துத் தலைவரின் ஸ்கூட்டர் வந்தது, தலைவரும் வந்து ஏறினார், கோவில் மணியைக் கழற்றி வைத்தார்கள், பேண்டு செட் ஏறியது, மோர்ப் பந்தல் அண்டா ஏறியது. விழாக் கமிட்டித் தலைவர் என்ற முறையில் டாக்டர் ஜெயபாண்டியன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி உப்பின் உச்சியில் உட்கார்ந்தார். பங்குச்சாமி, நன்றாகச் சாப்பிடுகிறவர், ஜெபமாலையோடு அவர் பக்கத்தில் ஏறினார். ஜோவிதாவின் தட்டு ஒரு நூல்கூட எழும்பவில்லை. கடைசியில் பிளாவியா அந்த ஃபைலைக் கொண்டுவந்து, கால் விரலில் எம்பி, எதிர்த்தட்டில் வைத்தாள். நூற்றுப் பதினாறு பக்கம். ஒரு கொசு உட்கார்ந்தால் அசைகிற அளவுக்குக்கூட அசையவில்லை.

பிள்ளை வியர்வையில் நனைந்து, இரண்டு கையையும் நீட்டியது. "அம்மா, தூக்கும்மா."

பிளாவியா முழங்காலில் விழுந்து தட்டோடு கட்டிக்கொண்டாள்.

"அம்மா, இது என்ன வலி?"

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பிளாவியா வாயைத் திறந்தாள். வளருகிற வலி சொல்லியாகிவிட்டது. சுண்ணாம்பு, வாயு, நரம்பு, இரும்பு, பனி, கண்ணேறு எல்லாம் சொல்லியாகிவிட்டது. உள்ளே துழாவிப் பார்த்தாள், வேறு ஒன்றும் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது. பெஞ்சு மேல் ஏறி நிற்கிற மாதிரி இருந்தது.

"தெரியல மக்களே," என்றாள். "அம்மாவுக்குத் தெரியல. ஆனா உனக்கு வலிக்குதுன்னு தெரியும்."

தட்டு ஒரு சாண் எழும்பியது.

கூட்டம் அடங்கிப் போனது. தட்டு எழும்பியதில் யாருக்கும் அதிர்ச்சி இல்லை. ஒரு சிப்பிமுனைப் பெண்பிள்ளை அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாளே என்றுதான். முதலில் சுதாரித்தவர் பெத்துரு. தராசு விஷயம் அவருக்குத்தான் பிடிபடும். "சொல்லுங்கவே!" என்று கத்தினார். "தெரியாதவன்லாம் சொல்லுங்க! சும்மா சொன்னா ஏறாது, நெசமாத் தெரியாததச் சொல்லணும்!"

பிறகு கூட்டத்தின் பின்னாலிருந்து கிழட்டுக் குரல் ஒன்று உடைந்து வந்தது. "அந்தக் கலியாண வீடு எங்கன்னு எனக்குத் தெரியாது! அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது!" மிக்கேல்தான். தட்டு நாலு விரல் ஏறியது. அவ்வளவுதான், மடை உடைந்துவிட்டது. திருக்கை மீன் தின்றால் என்ன ஆகும் என்று தனக்குத் தெரியாது என்றாள் ஒருத்தி. மேஸ்திரி தனக்கு மட்டம் பார்க்கத் தெரியாது என்றார், முற்றம் போட்ட வீட்டுக்காரர் அவரை அடிக்கப் போனார். ரெக்சலின் மூக்கைச் சிந்தி, "பதினேழு கிலோ இவ்வளவு கனக்கும்னு எனக்குத் தெரியாதுட்டி பிளாவி" என்றாள். உப்பு மேலிருந்த பங்குச்சாமி ஜெபமாலையை ஒரு சுற்று உருட்டிவிட்டு, சந்தியாகப்பர் சுரூபத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இங்க கேக்குறதெல்லாம் அங்க கேக்குதான்னு எனக்குத் தெரியலம்மா" என்றார். அதற்குத் தட்டு ஒரு முழம் எழும்பியது. சுரூபம் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆனால் சமமாகவில்லை. இன்னும் ஒரு முழம் இருந்தது. எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள்.

"என்ன பாக்குறீங்க?" என்றார் அவர், மேலேயிருந்து. "எல்லா டெஸ்ட்டும் நார்மல்னு..."

பிள்ளையின் தட்டு அரை முழம் சடாரென்று இறங்கியது. ஜோவிதா, "ஐயோ!" என்றது.

"வாய மூடும் ஓய்!" என்றது ஊர், ஒரே குரலில், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக.

டாக்டர் ஜெயபாண்டியன் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டியில் துடைத்தார். மறுபடி மாட்டவில்லை. கண்ணாடி இல்லாமல் அவர் முகம், கணக்குப் பரீட்சையில் மாட்டிக்கொண்ட பையன் முகம் மாதிரி இருந்தது.

"எனக்குத் தெரியல," என்றார். "அந்த முள்ளு சுத்தினத நான் பாத்தேன்மா. பாத்துட்டுதான் நார்மல்னு சொன்னேன். தெரியலன்னு சொன்னா நீங்க வேற டாக்டர்கிட்டப் போயிருவீங்க. அவருக்கும் தெரியாது. அது எனக்குத் தெரியும்."

தட்டு ஏறியது. சங்கிலி முனகியது. உப்பும் மீனும் ஸ்கூட்டரும் பேண்டு செட்டும் சாமியும் டாக்டரும் ஒரு பக்கம், ஜோவிதா ஒரு பக்கம், பாய்மரம் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. அதோடு நிற்கவில்லை. பிள்ளையின் தட்டு மேலேயே போயிற்று, கனத்த தட்டு தொபீர் என்று தரையில் இறங்கியது, சீலா மீன்கள் சரிந்தன, டாக்டர் உப்போடு சறுக்கிக்கொண்டு வந்து பிளாவியாவின் காலடியில் விழுந்தார்.

எழுந்தவர் வேட்டியைத் தட்டக்கூட இல்லை. தொங்கும் தட்டின் பக்கத்தில் போய் நின்று, இந்த ஒரு வருஷத்தில் எந்த டாக்டரும் அந்தப் பிள்ளையிடம் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"எங்க வலிக்குது பாப்பா?"

ஜோவிதா அவரை நம்பாமல் பார்த்தது. பிறகு வலது கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டியது, தொடையைக் காட்டியது, "இங்க அமுக்கினா இங்க வலிக்கும். காலையில கல்லு மாதிரி இருக்கும். ஓடினா அன்னைக்குக் கம்மியா வரும், மறுநாள் கூட வரும்" என்றது. அவர் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். கேட்டார், மறுபடி கேட்டார். பதில் வரும்வரை காத்திருந்தார். வெயில் சாய்ந்தது, சப்பரம் புறப்பட வேண்டிய நேரம் தாண்டியது, பிஷப் கொட்டாவி விட்டார், ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் டாக்டர் ஃபைலை உப்பிலிருந்து தோண்டி எடுத்து, நூற்றுப் பதினேழாவது பக்கத்தில், எல்லோரும் வாசிக்கிற மாதிரி, வாழ்க்கையில் முதல் தடவையாகப் புரிகிற கையெழுத்தில் எழுதினார்: *வலி இருக்கிறது. காரணம் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் கிடைக்கும்வரை தேடவேண்டும். நானும் கூட வருகிறேன்.*

பிளாவியா அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு கையை நீட்டி, ஜோவிதாவின் அக்குளில் கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினாள்.

பிள்ளை வந்தது. லேசாக ஒன்றும் வரவில்லை, ஓர் அரிசி மூட்டைக் கனம் இருந்தது, பிளாவியாவின் முதுகில் எலும்பு ஒன்று சத்தம் போட்டது, முகம் சிவந்தது. ஆனாலும் வந்தது. இடுப்பில் ஏறி, இரண்டு காலையும் சுற்றிக்கொண்டு, ஈரத் தலையை அவள் கழுத்தில் புதைத்துக்கொண்டது.

"இன்னும் வலிக்குதும்மா."

"தெரியும் மக்களே."

"எப்பம் போகும்?"

பிளாவியாவின் நாக்கு, பழக்க தோஷத்தில், 'நாளைக்கு' என்று எழுந்தது. எழுந்ததை விழுங்கினாள்.

"தெரியல," என்றாள். இடுப்பில் பிள்ளை ஒரு சுண்டு விரல் அளவு லேசாயிற்று. அந்த அளவுக்கு நிமிர்ந்துகொண்டு, உப்புக் குவியலைச் சுற்றி, மேல்மூச்சு வாங்க, வீட்டைப் பார்த்து நடந்தாள்.